முதுகைப் பார்ப்போம், முதல் நாளே சொல்வோம்

(கிண்டியில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீட்டு வேலையும் குழு வேலையும்தான் எனக்குத் தெரியும். நர்ஸ் படிப்பு படிக்கவில்லை. ஆனாலும் இன்று என்னை நோயாளியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். காரணம், நம்ம வீடுகளில் படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள்தான். அவர்களுக்கு வருகிற படுக்கைப் புண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது வராமல் எப்படித் தடுப்பது, வந்தால் யாரிடம், எப்போது சொல்வது என்பது இரண்டும்தான் விஷயம்.

முதலில் அது ஏன் வருகிறது என்று பார்ப்போம். நாம் தூங்கும்போது நம்மையறியாமல் புரண்டு புரண்டு படுக்கிறோம். ஒரே பக்கம் படுத்தால் மரத்துப் போகிறது, வலிக்கிறது, உடனே திரும்பிவிடுகிறோம். பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்தவர், முதுகுத்தண்டில் அடிபட்டவர், நினைவில்லாமல் கிடப்பவர் இவர்களால் அப்படித் திரும்ப முடியாது. சிலருக்கு வலியே தெரியாது. எலும்பு ஒரு பக்கம், படுக்கை ஒரு பக்கம். நடுவில் மாட்டிக்கொண்ட தோலும் சதையும் நசுங்கி, அங்கே ரத்த ஓட்டம் நின்று போகிறது. தண்ணீர் போகாத வயல் காய்கிற மாதிரி அந்த இடம் செத்துப் போகிறது. பல நேரம் உள்ளே எலும்புப் பக்கம் முதலில் கெட்டு, மேலே தெரிவது கடைசியில்தான். அதனால்தான் மேலே ரூபாய் நாணயம் அளவு தெரிந்தாலும் உள்ளே பெரிய குழியாக இருக்கிறது.

எந்தெந்த இடத்தில் வரும்? மல்லாந்து படுத்தவருக்குப் பின்மண்டை, தோள்பட்டை எலும்பு, முழங்கை, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு இருக்கிற இடம், குதிங்கால். ஒருக்களித்துப் படுத்தவருக்குக் காது, தோள், இடுப்பு எலும்பு, முழங்காலின் இரண்டு பக்கம், கணுக்கால். நாற்காலியிலோ சக்கர நாற்காலியிலோ நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு உட்காரும் எலும்பு. இவை மட்டுமில்லை. மூக்கில் குழாய் போட்டிருந்தால் மூக்கு ஓரம், ஆக்சிஜன் குழாய் மாட்டியிருந்தால் காதுக்குப் பின்னால், மூத்திரக் குழாய் தொடையில் அழுத்துகிற இடம், மாவுக்கட்டின் ஓரம், இங்கேயும் வரும்.

அழுத்தத்தோடு இன்னும் சில சேர்ந்துகொள்ளும். படுக்கையில் சரிந்து போனவரை அக்குளில் கை கொடுத்துத் தரதரவென்று மேலே இழுப்போமே, அப்போது தோல் துணியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே சதை மட்டும் நகரும். அது ஒரு கெடுதல். மூத்திர ஈரம், மல ஈரம், வியர்வை, இதில் தோல் ஊறிப் போவது இன்னொன்று. சாப்பாடு குறைந்து உடம்பு இளைத்துப் போவது மூன்றாவது. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும், ஆறுவதும் தாமதம்.

இதை நான்கு நிலையாகப் பிரித்துச் சொல்வார்கள். முதல் நிலையில் தோல் கிழியாது, சிவந்து மட்டும் இருக்கும். இரண்டாவதில் கொப்புளம் வரும் அல்லது மேல்தோல் உரிந்து போகும். மூன்றாவதில் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வரை குழி விழும். நான்காவதில் சதை, எலும்பு வரை போய்விடும். சில புண்ணில் மேலே கருப்பாகப் பொருக்கு மூடியிருக்கும். அது ஆறின புண் என்று நினைத்துவிடக் கூடாது, அதற்கு அடியில் எவ்வளவு ஆழம் என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். புத்தகத்தில் "சிவப்பு" என்று போட்டிருப்பார்கள். நம்மில் பலர் மாநிறம், கருப்பு. நம்ம தோலில் சிவப்பு அவ்வளவு தெரியாது. சுற்றியிருக்கிற தோலைவிட அந்த இடம் கருத்தோ ஊதா நிறமாகவோ தெரியும். தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும், அல்லது சில்லென்று இருக்கும். கல் மாதிரி கெட்டியாகவோ, நீர் கோத்து மெத்தென்றோ இருக்கும். அதனால் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, கையாலும் தொட்டுப் பார்க்கணும். வெயில் வெளிச்சத்தில் பார்க்கணும். இல்லாவிட்டால் செல்போன் டார்ச் போட்டுப் பார்க்கணும்.

விரல் சோதனை ஒன்று இருக்கிறது. சிவந்த இடத்தை விரலால் சில வினாடி அழுத்தி எடுங்கள். அழுத்தின இடம் வெளுத்து, மறுபடி நிறம் வந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே இருந்தாலோ, அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் அரை மணி நேரம் விட்டும் நிறம் மாறாமல் இருந்தாலோ, அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை. தோல் கிழியவில்லையே என்று சும்மா இருக்கக் கூடாது. இந்த நிலையில் பிடித்தால் அழுத்தத்தை எடுத்துவிட்டாலே போதும், பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். நாலாவது நிலைக்குப் போனால் மாதக்கணக்கு, சில நேரம் ஆபரேஷன், சில நேரம் ரத்தத்தில் கிருமி ஏறி உயிருக்கே ஆபத்து.

இதை நம்ம குழுப் பேச்சில் சொல்லட்டுமா? ஒரு உறுப்பினர் கடன் தவணை கட்ட முடியாமல் போய், அந்த மாசமே கூட்டத்தில் சொன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு வழி பண்ணிவிடலாம். ஆறு மாசம் மறைத்தால் வட்டியும் அபராதமும் ஏறி, குழுவே ஆட்டம் கண்டுவிடும். படுக்கைப் புண்ணும் அப்படித்தான். மறைக்கிற ஒவ்வொரு நாளும் வட்டி ஏறும்.

ஆனால் நம்ம வீடுகளில் இதை மறைக்கிறோமே, ஏன்?

எங்கள் வீட்டு விஷயத்தையே சொல்கிறேன். என் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அது எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. வந்த அன்று சாயங்காலம் உடம்பு துடைக்கும்போது பார்த்தால், இடுப்புக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவு தோல் உரிந்து கிடந்தது. அனுப்பும்போது யாரும் எங்களிடம் சொல்லவில்லை, கொடுத்த தாளிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வீட்டில் ஒருத்தர், "இதை வெளிய சொல்லாதம்மா, மருமக சரியா பாக்கலைன்னு ஊரு பேசும்" என்றார். அத்தையும் சைகையில் வேண்டாம் என்றார். அவருக்கு வெட்கம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே எங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலர் அக்காவுக்குப் போன் பண்ணிவிட்டேன். அவரும் நம்மைப் போல ஒரு குழுவைச் சேர்ந்தவர்தான். அவர் வந்து பார்த்து, கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னார். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வீட்டுக்கே வந்து எப்படித் துடைக்கணும், எப்படிக் கட்டுப் போடணும், எப்படித் திருப்பணும் என்று காட்டிக் கொடுத்தார். ஆறு வாரத்தில் ஆறிவிட்டது. ஊர் பேசவில்லை. பேசியிருந்தாலும் அத்தையின் முதுகு ஊர் பேச்சைவிட முக்கியம்.

அதனால் சொல்கிறேன் சகோதரிகளே, நாம் மறைப்பதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. பழி வரும் என்கிற பயம். புண் வந்தால் "பாத்துக்கிறவ சரியில்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது சரியா என்று யோசித்துப் பாருங்கள். சூப்பர்மேன் படத்தில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் என்ற அமெரிக்க நடிகர் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்து போனார். பணம், டாக்டர், நர்ஸ் எதற்கும் குறைவில்லாதவர். அப்படியும் அவருக்குப் படுக்கைப் புண் வந்தது. அதில் ஏற்பட்ட தொற்றுக்குச் சிகிச்சையில் இருந்த நிலையில்தான் 2004 அக்டோபரில் 52 வயதில் இறந்தார். அவ்வளவு வசதியுள்ள இடத்திலேயே வருகிறது என்றால், ஒற்றை ஆளாக இரவு பகல் பார்க்கிற ஒரு மருமகளையோ மகளையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமா?

அதற்காக விதி என்று விட்டுவிடவும் கூடாது. பெரும்பாலான படுக்கைப் புண்ணைத் தடுக்க முடியும். இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் முதுகுத்தண்டில் அடிபட்ட சிப்பாய்கள் படுக்கைப் புண்ணாலும் மூத்திரத் தொற்றாலும் சீக்கிரமே இறந்து போவார்கள், அவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்றே டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். 1944இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் ஒரு பிரிவைத் தொடங்கினார். இரவானாலும் பகலானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கணும் என்று கட்டளை போட்டார். ராத்திரியில் அவரே வந்து பார்ப்பாராம். அந்த நோயாளிகள் பிழைத்தார்கள். 1948இல் அவர்களுக்கு அவர் நடத்திய விளையாட்டுப் போட்டிதான் பின்னால் பாராலிம்பிக் ஆனது. நம்ம சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அந்தப் போட்டியின் வேர் நோயாளியைத் திருப்பிப் போட்ட ஒரு வார்டில் இருக்கிறது.

நம்ம பக்கத்திலேயும் உண்டு. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் மேரி வர்கீஸ் என்ற பெண் டாக்டர் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, அதே வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. உணர்வில்லாத உடம்பு என்றால் வாழ்க்கை முடிந்தது என்று அர்த்தமில்லை. அந்த உடம்பை வேறொரு கண்ணும் கையும் தினமும் கவனிக்கணும், அவ்வளவுதான்.

சரி, வீட்டில் என்ன செய்யணும்? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, திருப்புவது. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பணும். மல்லாந்து, இடது பக்கம், வலது பக்கம் என்று மாற்றி மாற்றி. முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பு எலும்பு அழுத்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். இரண்டு முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் குதிங்கால் படுக்கையில் படாமல் தொங்கும்படி விடணும். தலைப் பக்கத்தை ரொம்ப உயர்த்தி வைத்தால் உடம்பு கீழே சறுக்கும். சாப்பாடு கொடுக்கும்போதும் சாப்பிட்டுக் கொஞ்ச நேரமும் உயர்த்தி, பிறகு தாழ்த்திவிடுங்கள். மூச்சுத் திணறல் இருப்பவருக்கு டாக்டர் சொல்கிறபடி. உட்கார்ந்திருப்பவர் என்றால் இரண்டு மணி நேரம் காத்திருக்கக் கூடாது. கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை பக்கவாட்டில் சாய்ந்தோ, முன்னால் குனிந்தோ பாரத்தை மாற்றணும்.

இரண்டாவது, இழுக்காமல் தூக்குவது. பழைய நூல் புடவையை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி அடியில் போட்டு வையுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கம் புடவையைப் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் தோல் உராயாது. நம்ம இடுப்பும் பிழைக்கும்.

மூன்றாவது, படுக்கை. விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. பிஸ்கட் தூள், சோற்றுப் பருக்கை, ஊக்கு எதுவும் கிடக்கக் கூடாது. கொண்டை ஊசி, கொலுசு, தாயத்து, அரைஞாண் கயிற்று முடிச்சு இதெல்லாம் உடம்புக்கு அடியில் மாட்டினால் அதுவே புண்ணாகும். ரெக்சின் விரிப்பை நேராகத் தோல் படும்படி போடாதீர்கள், வியர்த்து ஊறிவிடும். மேலே நூல் துணி போடுங்கள். ஏர் பெட் நல்லதுதான். ஆனால் ஏர் பெட் போட்டாச்சு, இனி திருப்ப வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. கரண்ட் போனதா, காற்று இறங்கியதா என்றும் பார்க்கணும்.

நான்காவது, சுத்தம். மல மூத்திரம் போன உடனே மாற்றணும். டயப்பர் விலை ஜாஸ்தி என்று நனைந்ததையே வைத்திருந்தால் பிறகு மருந்துச் செலவு அதைவிட ஜாஸ்தி. வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, தேய்க்காமல் ஒற்றி ஈரம் எடுக்கணும். தோல் வறண்டிருந்தால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம். அடிக்கடி ஈரமாகிற இடத்துக்கு நர்ஸைக் கேட்டு வாசலின் மாதிரி தடவலாம்.

ஐந்தாவது, சாப்பாடு. புண் வராமல் இருக்கவும், வந்தால் ஆறவும் புரதச் சத்து வேணும். முட்டை, பால், மீன், பருப்பு, சுண்டல், வேர்க்கடலை. கூடவே கீரை, கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை. படுத்தவருக்கு எதற்கு இவ்வளவு என்று கஞ்சியை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. மெல்ல முடியாதவருக்கு மசித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கும், விழுங்கும்போது புரை ஏறுகிறவருக்கும் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்கணும்.

இனி, செய்யக் கூடாதவை. சிவந்த எலும்பு மேட்டைத் தேய்த்து மசாஜ் பண்ணாதீர்கள், உள்ளே நொந்த சதை இன்னும் கெடும். நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையத்தை இடுப்புக்குக் கீழே வைக்காதீர்கள், அது சுற்றிலும் அழுத்தி ரத்தத்தை நிறுத்தும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிங்காலுக்கு வைப்பதும் வேண்டாம். புண்ணில் மஞ்சள் தூள், காப்பித் தூள், சாம்பல், டால்கம் பவுடர், ஸ்பிரிட் எதையும் போடாதீர்கள். உணர்வில்லாத இடத்தில் வெந்நீர் பை வைத்தால் வெந்து போனால்கூட அவருக்குத் தெரியாது.

அடுத்து, சொல்வது. என்னைக் கேட்டால் இதுதான் இன்றைய பேச்சின் பாதி.

சொல்லும்போது "ஏதோ புண்ணு மாதிரி இருக்குது" என்று சொன்னால் போதாது. ஐந்து விவரம் சொல்லணும். எந்த இடம். எவ்வளவு பெரிசு, ஒரு ரூபாய் அளவா, உள்ளங்கை அளவா. என்ன நிறம், தோல் கிழிந்ததா இல்லையா. என்று முதல் தெரிகிறது. வாடை, சீழ், காய்ச்சல் உண்டா. நோயாளி சம்மதித்தால் புண் மட்டும் தெரிகிற மாதிரி, மற்ற உடம்பை மூடிவிட்டுப் போட்டோ எடுத்து நர்ஸிடம் காட்டலாம். அதை உறவினர் வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது. படுத்திருந்தாலும் அவருக்கும் மானம் உண்டு.

யாரிடம் சொல்வது? நம்ம தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்குக் கொண்டு வந்து தருவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி தணிப்புச் சிகிச்சையும், இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. அதில் வேலை செய்யும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்ம மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. ஆக, முதலில் உங்கள் பகுதித் தன்னார்வலர். கிராமம் என்றால் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம். சென்னை என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். போனில் ஆலோசனை கேட்க 104. காய்ச்சல், நடுக்கம், சீழ், கெட்ட வாடை, கருத்துப் போன தோல், சுற்றிலும் பரவுகிற வீக்கம், பேச்சு குழறி மயக்கமாக இருப்பது, இதில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. நிலை மோசமானால் 108.

நாம் கூடியிருக்கும் இதே கிண்டியில், கிங் நிலைய வளாகத்தில், 2023 ஜூன் 15ஆம் தேதி 1000 படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை திறந்தார்கள். அதே வளாகத்தில் 2024 பிப்ரவரி 25ஆம் தேதி 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனையும் வந்துவிட்டது. வயதானவர்களுக்கென்று தனி ஆஸ்பத்திரி வந்தது நமக்கெல்லாம் பெரிய ஆறுதல். ஆனால் எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியானாலும் நோயாளி ஒருநாள் வீட்டுக்குத்தான் திரும்பி வருவார். அப்புறம் அந்த முதுகு நம்ம பொறுப்பு.

அதனால் எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இரண்டு நாள் ரொம்ப முக்கியம். சேர்க்கிற நாளும், வீட்டுக்கு அனுப்புகிற நாளும். சேர்க்கும்போது ஏற்கெனவே சிவப்பு இருந்தால் நர்ஸிடம் காட்டி எழுதச் சொல்லுங்கள். அனுப்பும் நாளில், "சிஸ்டர், ஒருதரம் முதுகும் குதிங்காலும் சேர்ந்து பார்த்துடலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். புண் இருந்தால் அனுப்பும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் எப்படிக் கட்டுப் போடணும், திரும்ப என்று வரணும் என்று கேளுங்கள். கேட்பது சண்டை இல்லை. ஆஸ்பத்திரிகளிலும் படுக்கைப் புண் வந்தால் கணக்கில் எழுதணும் என்று தர விதிமுறை இருக்கிறது. யாரையும் மாட்டிவிட இல்லை. எந்த வார்டில் ஆள் போதவில்லை, எங்கே மெத்தை சரியில்லை என்று தெரிந்தால்தானே சரி செய்ய முடியும்? எழுதாத புண்ணுக்கு யாரும் வைத்தியம் பார்க்க முடியாது.

இங்கே மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் வீடுகளில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிற அக்காமார்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, வீட்டுக்காரர் ஒருத்தரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரியவரின் உடம்பு முழுக்கப் பாருங்கள். இருப்பதை நோட்டில் தேதி போட்டு எழுதி, அவர்களிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிறவரோடும் சேர்ந்து பாருங்கள். புதிதாக எது தெரிந்தாலும் அன்றே சொல்லுங்கள். அது பெரியவருக்கும் பாதுகாப்பு, உங்கள் பிழைப்புக்கும் பாதுகாப்பு.

நோட்டு என்றதும் பயப்பட வேண்டாம். சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு, தீர்மானப் புத்தகம் எல்லாம் எழுதிப் பழகின கைதானே நம்ம கை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, மணி, எந்தப் பக்கம் திருப்பியது, தோல் எப்படி இருந்தது, யார் பார்த்தது. ஐந்து கட்டம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூடக் கோடு போட்டுத் தரும்.

அந்தக் கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். "யார் பார்த்தது" என்ற இடத்தில் ஒரே பெயர் வந்துகொண்டே இருந்தால் அதுவும் ஒரு நோய்தான். ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று ஒரே பெண் எழுந்து எழுந்து திருப்பிக்கொண்டிருந்தால் அவள் எத்தனை நாள் தாங்குவாள்? மகன் இருக்கிறார், மகள் இருக்கிறார், பேரன் இருக்கிறான். முறை போட்டுக்கொள்ளணும். மாமனாரின் முதுகையும் இடுப்பையும் பார்க்க மருமகளுக்குக் கூச்சம், அவருக்கும் கூச்சம். அங்கே மகன்தான் பார்க்கணும். "ஆம்பளைக்கு இதெல்லாம் தெரியாது" என்று நாமே விட்டுக்கொடுக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்கிற வேலை இது. ராத்திரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டலாமா என்பதை மெத்தையையும் தோலையும் பார்த்து நர்ஸ் சொல்லட்டும், நாமாகக் கூட்டக் கூடாது.

ஆள் இல்லாத வீடு என்றால் குழு இருக்கிறது. எங்கள் ஊர்க் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். உறுப்பினர் வீட்டில் படுத்தவர் இருந்தால், பகலில் ஒரு முறை இன்னொரு உறுப்பினர் போய்த் தூக்கித் திருப்ப ஒரு கை கொடுப்பார். பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷம் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வாய் காப்பி குடிக்க நேரம்.

கடைசியாக, கூட்டமைப்பு முன்னால் மூன்று கோரிக்கை வைக்கிறேன். பிடித்திருந்தால் தீர்மானமாக எழுதுங்கள்.

ஒன்று, ஒவ்வொரு குழுவும் மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும், "யார் வீட்டிலாவது படுத்தவர் இருக்காங்களா, முதுகு எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்கணும். பதில் சொல்கிறவரை யாரும் குறை சொல்லக் கூடாது. அன்றே தன்னார்வலருக்குத் தகவல் போகணும்.

இரண்டு, கூட்டமைப்பு நிதியில் ஒன்றிரண்டு ஏர் பெட் வாங்கி வைத்து, தேவைப்படும் உறுப்பினர் வீட்டுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். பாத்திரமும் பந்தலும் வாடகைக்கு விடுகிற நமக்கு இது முடியாதா?

மூன்று, நவம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை உலகம் முழுக்கப் படுக்கைப் புண் தடுப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். அன்று ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸை அழைத்து, திருப்புவது எப்படி, புடவை போட்டுத் தூக்குவது எப்படி என்று செய்து காட்டச் சொல்வோம். வீட்டு ஆண்களையும் கூட்டி வருவோம்.

நம்மைப் பெற்றவர்களும், நம்ம கணவரைப் பெற்றவர்களும் ஒரு காலத்தில் நம்மைத் தூக்கித் திருப்பிப் போட்டு, துணி மாற்றி வளர்த்தவர்கள். எந்த அம்மாவும் குழந்தைக்குத் தோல் சிவந்தால் வெளியே சொல்ல வெட்கப்பட்டதில்லை. பெரியவர்களுக்கும் வெட்கப்பட வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக முதுகைப் பாருங்கள், குதிங்காலைப் பாருங்கள். ஏதாவது தெரிந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் சொல்லுங்கள்.